கம்பியில்லா வலையமைப்புக் கொள்திறன் ஆய்வு (தென் சென்னை)

கம்பியில்லா வலையமைப்பு ஒன்று ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு, எவ்வளவு தொலைவு வரை, என்ன வேகத்தில் சேவை தர முடியும் என்று கணித்து, அதை உயர்த்த வழி தேடும் பொறியியல் ஆய்வு. தமிழ்நாட்டில் இதன் முதன்மைக் களம் சென்னை ஐஐடி வளாகமும் அதை ஒட்டிய தரமணியும். கம்பியில்லாத் தொழில்நுட்ப உயர்சிறப்பு மையமான செவிட், சமீர் அமைப்பின் மின்காந்தவியல் மையம் ஆகியவை இப்பகுதியில் உள்ளன.

மாலை நெரிசலில் தாம்பரம் நிலையத்தில் மின்தொடர் வண்டி வந்து நிற்கும்போது போனில் டவர் முழுதாகக் காட்டும். நெட் மட்டும் நகராது. அலை வலுவாகத்தான் வருகிறது. பங்கு கேட்போர்தான் அதிகம். ஒரு தடத்தின் உச்ச வேகம் அலைக்கற்றையின் அகலத்தையும், குறிப்பலைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது என்று 1948இல் கிளாட் ஷானன் நிறுவினார். அந்த விகிதம் மாறாமல் அகலத்தை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும். அகலத்தை விட்டுவிட்டு விகிதத்தை மட்டும் எவ்வளவு உயர்த்தினாலும் பலன் மெல்லத்தான் கூடும். அலைக்கற்றை ஏலத்தில் கோடிகள் புரள்வது இதனால்தான்.

சென்னை ஐஐடியில் நடந்த பணிகளில் தனித்து நிற்பது 1990களில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி இணைப்பு முறை. பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி முதலியோரின் டெநெட் குழு, மிடாஸ் நிறுவனத்துடனும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸுடனும் சேர்ந்து இதை வடிவமைத்தது. ஒரு தொலைபேசி இணைப்புக்கு 30,000 ரூபாய்க்கு மேல் செலவான காலம் அது. அதை 10,000க்குக் கொண்டுவந்தால்தான் சாமானியர் வீட்டில் போன் ஒலிக்கும் என்பது ஜுன்ஜுன்வாலாவின் வாதம். வீடு, அலுவலகங்களுக்குள் பயன்பட்ட ஐரோப்பிய டெக்ட் தரத்தைக் குழு ஊர்ப்புறத்துக்கு எடுத்துச் சென்றது. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் 10 அலைவரிசைகள், ஒவ்வொன்றிலும் 12 இருவழித் தடங்கள், ஆக 120. இரைச்சல் குறைந்த தடத்தைச் சந்தாதாரர் கருவியே தேடிப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கோபுரத்துக்கு எந்த அலைவரிசை என்று முன்கூட்டியே பிரித்துவைக்க வேண்டியதில்லை. நேர்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர், இடைமாற்று நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் எட்டியது. பேசிக்கொண்டே 35 கிலோபிட், பேசாதபோது 70 கிலோபிட் இணையம் கிடைத்தது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராமங்களின் இணைய மையங்கள் இதில்தான் இயங்கின. பின்னர் செல்போன் அலை இதை ஓரங்கட்டியது; அது தொழில்நுட்பத்தின் தோல்வி அல்ல, சந்தையின் வேகம்.

அடுத்த பெரிய முயற்சி 5ஜி. கிராமங்களில் கோபுரங்கள் நெருக்கமாக அமையாது. ஆகவே 6 கிலோமீட்டர் இடைவெளியிலும் சேவை தரும் முறை வேண்டும் என்று இந்தியா வலியுறுத்தியது. அவ்வளவு தொலைவில் இடறுவது போனிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் மெலிந்த அலை. குறிப்பலையின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்து, போனின் பெருக்கியை அதன் முழுத் திறனுக்கு அருகே இயக்கும் உத்தி இதற்குத் தீர்வாக அமைந்தது. 5ஜிஐ எனப்படும் இத்தரத்தை 2020இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றது.

ஐஐடி தலைமையில் 8 நிறுவனங்கள், ஏறத்தாழ 220 கோடி ரூபாயில் உருவாக்கிய 5ஜி சோதனைத்தளம் 2022 மே 17 அன்று தொடங்கப்பட்டது. இரு நாள் கழித்து ஐஐடியில் சோதனை அழைப்பு பேசப்பட்டது. 5ஜிஐயோ தனித் தரமாகக் கடைக்கு வரவில்லை. உலக அலைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 17ஆம் வெளியீட்டில் இணைக்கப்பட்டுவிட்டது.