பள்ளியில் பிறந்த ஆலை

திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் நிலை குறித்து 1891இல் வெளியிட்ட சுற்றுமடலை நாம் அறிவோம். ஏட்டில் உள்ள அப்போதனை எளியோரின் கையில் கருவியாக மாறுவது எவ்வாறு? ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள மொந்திராகோன் என்ற சிற்றூர் இதற்குத் தந்த விடை நம் சிந்தனைக்குரியது.

1941 பிப்ரவரியில் அவ்வூருக்கு உதவிப் பங்குத்தந்தையாக வந்தவர் ஹோசே மரியா அரிஸ்மெண்டியாரியேத்தா. 1915இல் பிறந்த அவர், சிறு வயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். உள்நாட்டுப் போரின்போது (1936-39) சிறைப்பட்டு, மரண தண்டனைக்குத் தப்பியவர். அவர் வந்து சேர்ந்த ஊரில் வறுமையும் பகைமையும் மண்டிக் கிடந்தன. இளங்குருவின் மறையுரை எளிதில் விளங்கவில்லை என்று மக்கள் குறைப்பட்டனர். மறையுரை மேடையில் கிட்டாத வெற்றி அவருக்கு வகுப்பறையில் கிட்டியது.

ஊரின் பெரிய இரும்புத் தொழிற்சாலை நடத்திய பயிற்சிப் பள்ளி, பெரும்பாலும் தன் ஊழியரின் பிள்ளைகளையே ஏற்றது. மற்றவர்க்கும் கதவைத் திறக்க வேண்டினார், நிறுவனம் இசையவில்லை. அவர் சினங்கொண்டு ஒதுங்கவில்லை. தெருமுனைகளில் பெட்டிகளை வைத்து, புதிய பள்ளிக்குத் தம்மால் இயன்ற உதவியை ஒவ்வொருவரும் எழுதி இடுமாறு கேட்டார். ஏறத்தாழ 600 பேர் எழுதினர். 1943இல் 20 மாணவருடன் தொழிற்பள்ளி திறக்கப்பட்டது. அதனை ஊராரே தாங்கினர். ஆதலின் அது ஊராரின் பள்ளியாயிற்று.

அம்மாணவருள் 11 பேர், பகலில் ஆலையில் உழைத்துக்கொண்டே சரகோசா பல்கலைக்கழகத் தேர்வுகளை எழுதி, 1952க்குள் தொழில்நுட்பப் பட்டம் பெற்றனர். அவருள் ஐவர், தாம் பணியாற்றிய நிறுவனத்தில் தொழிலாளருக்கும் உரிமைப் பங்கு வேண்டினர், மறுக்கப்பட்டது. 1956இல் ஊராரின் சேமிப்பைத் துணைக்கொண்டு, உல்கோர் என்ற தங்கள் ஆலையை மொந்திராகோனில் தொடங்கினர். அவர்கள் முதலில் செய்தது மண்ணெண்ணெய் அடுப்பு. அவ்வாலையில் உழைப்பவரே உரிமையாளர். ஒருவருக்கு ஒரு வாக்கு. மிகக் குறைந்த ஊதியத்தைப்போல் மும்மடங்கிற்கு மேல் எவரும் பெறலாகாது என்று தொடக்கத்தில் விதித்துக்கொண்டனர். 1959இல் மக்களின் சேமிப்பைத் திரட்டக் கூட்டுறவு வங்கியும் எழுந்தது. குருவோ எந்த ஆலையிலும் நிர்வாகப் பதவி ஏற்கவில்லை. 1976இல் இறக்கும்வரை அவ்வூரிலேயே பணியாற்றினார். 2015இல் திருச்சபை அவரை வணக்கத்திற்குரியவராக அறிவித்தது.

இக்கூட்டுறவுகளில் இன்று ஏறத்தாழ 70,000 பேர் பணிபுரிகின்றனர். ஆயினும் இது குறையற்ற வரலாறு அன்று. அயல்நாட்டுக் கிளைகளில் உழைப்போரில் பெரும்பாலோர் உரிமையாளர் ஆகவில்லை. முதல் ஆலையின் வழிவந்த வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் நொடித்துப்போனது. உறுப்பினர் தாம் இட்ட மூலதனத்தை இழந்தனர். ஆனால் அவருள் பெரும்பாலோர் தெருவில் விடப்படவில்லை. சிலர் முன்கூட்டியே ஓய்வு பெற, பலருக்குப் பிற கூட்டுறவுகள் தம்மிடம் இடம் அளித்தன. ஒருவர் சுமையை மற்றவர் தாங்குதல் என்பது இங்கு வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை.

பள்ளி திறந்ததற்கும் ஆலை எழுந்ததற்கும் இடையே 13 ஆண்டுகள் கழிந்தன என்பதை நாம் கருத வேண்டும். அவ்வாண்டுகளில் வெளியார் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. இளைஞர் படித்தனர், விவாதித்தனர், ஒருவரையொருவர் நம்பக் கற்றனர். நீதி வேண்டும் என்ற வேட்கை உள்ளவர்க்கு இக்காத்திருப்பு கடினமானது. ஆயினும் கல்வியற்ற போராட்டம் தலைவரை மாற்றுமேயன்றித் தொழிலாளரின் நிலையை மாற்றாது என்று அக்குரு உணர்ந்திருந்தார் போலும்.

நம் பங்குகளில் விழா நினைவாக மண்டபங்கள் எழுப்ப நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். அதே ஊர்களில், பள்ளியை இடைநிறுத்திக் கூலி வேலைக்குப் போகும் பிள்ளைகளும் உள்ளனர். ஒரு பெட்டியை ஆலய வாசலில் வைத்து, இப்பிள்ளைகளுக்கு உம்மால் இயன்றது என்ன என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் எழுதி இடுவோம்?