பழைய டிவியில் புது ப்ளேயர் ஓடுமா? கன்வெர்ட்டர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஓடிடி ஸ்டிக்கோ, புது செட்டாப் பாக்ஸோ வாங்கி வந்தாச்சு. பிரிச்சுப் பார்த்தா அதுல இருக்கிறது எச்டிஎம்ஐ பின். வீட்டு டிவியில அதைச் செருக இடமே இல்லை. "டிவியை மாத்திடுங்க" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். ஆனா, நல்லா ஓடுற டிவியைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் இல்லை. சில நூறு ரூபாயில் முடியும் வேலைதான். சரியான பொருளை வாங்கணும், அவ்வளவுதான்.

ஏன் நேரடியா இணைக்க முடியாது?

எச்டிஎம்ஐ அறிமுகமானது 2002-ம் ஆண்டின் இறுதியில். நம்ம ஊர் வீடுகளில் அது பரவலாக வர மேலும் பல ஆண்டுகள் ஆனது. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகளும் 14 அங்குல பிக்சர் ட்யூப் டிவிகள்தான். புது ப்ளேயர் அனுப்புவது டிஜிட்டல் சிக்னல், பழைய டிவிக்குப் புரிவது அனலாக் சிக்னல். நடுவில் மொழிபெயர்க்க ஒரு கருவி வேணும்.

2013-க்குப் பிறகு தயாரான ப்ளூ-ரே ப்ளேயர்களில் படத்துக்கான அனலாக் வழியே கிடையாது. திருட்டு நகல்களைத் தடுக்க, உரிம விதிமுறையே அப்படி மாற்றப்பட்டது.

முதல்ல செலவில்லாத வழி

பல செட்டாப் பாக்ஸ்களில் 'ஏவி' என்று ஒரு சின்ன வட்டத் துளை இருக்கும். அப்படி இருந்தா கன்வெர்ட்டரே வேண்டாம். பாக்ஸோடு வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு கேபிள் போதும். வேற கேபிளைப் போட்டா உள் இணைப்பு மாறியிருக்கலாம், படம் வராது.

எதை வாங்கணும்?

கடையில் 'எச்டிஎம்ஐ டு ஏவி' கன்வெர்ட்டர் என்று கேளுங்க. 'ஏவி டு எச்டிஎம்ஐ' என்பது நேர் எதிரானது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று வண்ணப் பின் உள்ள வெறும் கேபிளும் மலிவா கிடைக்கும். வாங்காதீங்க. சிக்னலை மாற்றும் சிப் அதில் இல்லை.

எப்படி இணைப்பது?

1. எல்லா மின் இணைப்பையும் அணைச்சுடுங்க.
2. ப்ளேயரை கன்வெர்ட்டரின் எச்டிஎம்ஐ துளையில் இணையுங்க.
3. மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. டிவியில் ஒரே ஒலித்துளைதான் இருந்தால் வெள்ளையை மட்டும் செருகுங்க.
4. கன்வெர்ட்டருக்கும் ஸ்டிக்குக்கும் தனித்தனியா 5 வோல்ட் அடாப்டர் கொடுங்க.
5. டிவி ரிமோட்டில் 'ஏவி' பட்டனை அழுத்துங்க.

டிவியில் ஆன்டெனா துளை மட்டும்தான் இருக்கா? அப்போ கன்வெர்ட்டரோடு 'ஆர்எஃப் மாடுலேட்டர்' என்ற இன்னொரு கருவியும் தேவை.

படம் சரியா வரலையா?

கறுப்பு வெள்ளையா தெரிஞ்சாலோ, படம் உருண்டாலோ கன்வெர்ட்டரில் உள்ள சின்ன சுவிட்சைப் பாருங்க. அது 'பால்' பக்கம் இருக்கணும். இந்தியாவில் பயன்படுவது அந்த முறைதான். 'என்டிஎஸ்சி' அமெரிக்க முறை.

ஆட்கள் ஒல்லியா, நீளமா தெரிஞ்சா, ப்ளேயர் செட்டிங்ஸில் திரை அளவை 4:3 ஆக்குங்க.

மெனு தெரியுது, படம் போட்டதும் திரை கறுத்துடுதா? எச்டிசிபி எனும் நகல் தடுப்புப் பூட்டு காரணமா இருக்கலாம். அதனால, திருப்பிக் கொடுக்க வசதி உள்ள கடையில் பில்லோடு வாங்குறது நல்லது.

இதையும் கவனிங்க

எந்தக் கன்வெர்ட்டரும் பழைய டிவியை எச்டி ஆக்காது. அதிகபட்சம் 576 வரிகள்தான் கிடைக்கும். படமும் பாட்டும் தாராளமா பார்க்கலாம். சப்டைட்டிலின் சின்ன எழுத்தைப் படிக்கத்தான் சிரமம்.

முக்கியமா, என்ன கோளாறுனாலும் பிக்சர் ட்யூப் டிவியின் பின்மூடியை நீங்களே கழற்றாதீங்க. சுவிட்சை அணைச்ச பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அது மெக்கானிக் வேலை.