பள்ளிக்கரணை சதுப்புநிலப் பாதுகாப்பு

பள்ளிக்கரணை சதுப்புநிலம் என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையின் தென்பகுதியில், வங்காள விரிகுடாக் கரைக்கு அண்மையில் அமைந்துள்ள ஒரு சதுப்புநிலம் ஆகும். இது பெரும்பாலும் நன்னீரையும் ஓரளவு உவர்நீரையும் கொண்டது. சென்னையில் எஞ்சியுள்ள மிகச் சில இயற்கை ஈரநிலங்களுள் இதுவும் ஒன்று. நீண்ட காலம் பயனற்ற நிலமாகக் கருதப்பட்ட இப்பகுதி 2007-ஆம் ஆண்டில் காப்புக்காடாகவும், 2022-இல் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இதற்குக் குடியிருப்போர், பறவை நோக்கர்கள், சூழலியல் ஆய்வாளர்கள் ஆகியோரின் தன்னார்வ முயற்சிகள் பெரிதும் துணைபுரிந்தன.

அமைப்பும் செயற்பாடும்

வெள்ளநீர் தேங்கும் தாழ்நிலங்களைத் தமிழில் கழுவெளி என்று அழைப்பர். பள்ளிக்கரணையும் அத்தகைய ஒரு கழுவெளியே. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் இங்கு வந்து சேர்கிறது. எடுத்துக்காட்டாக, கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நீர் நாராயணபுரம் ஏரிக்குச் செல்லும்; அது நிரம்பியபின் சதுப்புநிலத்தை அடையும். சதுப்புநிலத்தில் பரவி நிற்கும் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. இச்சதுப்புநிலத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் ஆகும்.

இவ்வமைப்பில் சதுப்புநிலம் ஒரு கடற்பஞ்சு போலச் செயற்படுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குறுகிய நாள்களில் பெய்யும் பெருமழையை ஏற்றுக்கொண்டு, மெதுவாகக் கடலுக்கு விடுகிறது. ஒரு பகுதி நீர் நிலத்தடிக்கு இறங்குகிறது. சதுப்புநிலத்தின் பரப்புக் குறைந்தாலோ, ஒக்கியம் மடுவு போன்ற வடிகால் ஒடுங்கினாலோ, அந்த நீர் சுற்றியுள்ள குடியிருப்புகளில் தேங்கும். 2015-ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தின்போது வேளச்சேரி முதலிய பகுதிகள் நீரில் மூழ்கியமை இதனைப் பொதுமக்களுக்கு உணர்த்தியது.

உயிர்வளம்

2000-களில் மேற்கொள்ளப்பட்ட கணக்கெடுப்புகள் இங்கு ஏறத்தாழ 115 பறவை இனங்களையும் 46 மீன் இனங்களையும் பதிவு செய்துள்ளன. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வருகின்றன. இங்கு காணப்படும் பறவைகளுள் சில:

- பூநாரை
- கூழைக்கடா
- சங்குவளை நாரை
- கரண்டிவாயன்
- ஊசிவால் வாத்து
- நெடுங்கால் உள்ளான்
- நீலத்தாழைக்கோழி
- நீளவால் இலைக்கோழி

அச்சுறுத்தல்கள்

1960-களில் ஏறத்தாழ 5,000 எக்டேர் பரப்பில் விரிந்திருந்த இச்சதுப்புநிலத்தில் இன்று ஒரு சிறு பகுதியே எஞ்சியுள்ளது. சாலைகள், பறக்கும் தொடருந்துப் பாதை, அரசு நிறுவனங்கள், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், குடியிருப்புகள் ஆகியன சதுப்புநிலத்தின் மீதும் அதன் ஓரங்களிலும் எழுந்தன. வடபகுதியில் உள்ள பெருங்குடியில் சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டி வந்தது. கழிவுநீர், கட்டடக் கழிவு, ஆகாயத்தாமரையின் பரவல் என்பனவும் இந்நிலத்தைப் பாதித்துள்ளன.

தன்னார்வ முயற்சிகள்

குடியிருப்போர் இயக்கம்

பெருங்குடிக் குப்பைமேட்டில் அடிக்கடி எழுந்த தீயும் புகையும் சுற்றுப்புற மக்களின் உடல்நலத்தைப் பாதித்தன. குடியிருப்போர் நலச் சங்கங்கள் முதலில் புகைக்கு எதிராகவே குரல் எழுப்பின. குப்பை கொட்டப்படுவது வெற்று நிலத்தில் அன்று, ஒரு நீர்நிலையில் என்பது தெளிவானபோது, கோரிக்கையும் விரிவடைந்தது. சதுப்புநிலத்தைக் காப்பதற்கென மன்றங்கள் உருவாயின. மனு அளித்தல், நீதிமன்றத்தை நாடுதல், மாணவர்களையும் பத்திரிகையாளர்களையும் களத்துக்கு அழைத்துச் செல்லுதல் ஆகிய வழிகளில் இவை செயற்பட்டன.

ஆய்வு

2000-இல் தொடங்கப்பட்ட கேர் எர்த் அறக்கட்டளை, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக இச்சதுப்புநிலத்தை ஆய்வு செய்தது. இதன் நீரோட்டம், உயிரினங்கள், எல்லை ஆகியன பற்றிய தரவுகள் பாதுகாப்புக் கோரிக்கைக்கு அடிப்படையாயின. இவ்வமைப்பின் இணை நிறுவனரான ஜெயஸ்ரீ வெங்கடேசன், 2025-ஆம் ஆண்டில் ஈரநிலங்களின் அறிவார்ந்த பயன்பாட்டுக்கான ராம்சர் விருதைப் பெற்றார். இப்பிரிவில் இவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் இவரே.

பறவைக் கணக்கெடுப்பு

1978-இல் தொடங்கப்பட்ட சென்னை இயற்கையாளர் சங்கத்தின் உறுப்பினர்களும் பிற பறவை நோக்கர்களும் இங்கு தொடர்ந்து பறவைகளைப் பதிவு செய்து வருகின்றனர். 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சனவரியில் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடைபெறுகிறது.

பெருங்கூட்டங்களை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. எனவே, 10 அல்லது 50 பறவைகள் அடங்கிய ஒரு தொகுதியைக் கண்ணால் அளந்து, அதுபோல் எத்தனை தொகுதிகள் உள்ளன என்று மதிப்பிடுவர். ஒரே இடத்தில் ஆண்டுதோறும் செய்யப்படும் இப்பதிவுகள், பறவைகள் பெருகுகின்றனவா குறைகின்றனவா என்பதைக் காட்டுகின்றன. இவற்றுக்குச் சட்ட முதன்மையும் உண்டு. ஓர் ஈரநிலம் 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளையோ, நீர்ப்பறவை இனமொன்றின் மொத்தத் தொகையில் 1 விழுக்காட்டையோ வழக்கமாகத் தாங்குவது, ராம்சர் தகுதிக்கான அளவுகோல்களுள் அடங்கும்.

விழிப்புணர்வு

ராம்சர் உடன்படிக்கை 1971 பெப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் கையொப்பமானது. இந்நாள் 1997 முதல் உலக ஈரநில நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிகளில் இந்நாளையொட்டிக் களப்பயணங்களும் போட்டிகளும் நடத்தப்படுகின்றன.

சதுப்புநிலமும் ஏரியும் ஒன்றல்ல என்பது விழிப்புணர்வுப் பணியில் வலியுறுத்த வேண்டிய செய்தியாகும். ஏரி என்பது கரை கட்டி நீரைத் தேக்கும் அமைப்பு. சதுப்புநிலமோ ஆழமற்ற நீரும், சேறும், கோரையும் கலந்த நிலம். நல்லெண்ணத்துடன் அதனை ஒரே சீராக ஆழப்படுத்தினால், சேற்றில் இரைதேடும் உள்ளான்கள் உணவிழக்கும். திறந்த சதுப்பில் மரம் நடுவதும் அவ்வாறே தீங்காகலாம்.

சட்டப் பாதுகாப்பு

இந்திய அரசின் தேசிய ஈரநிலப் பாதுகாப்புத் திட்டத்தில் இச்சதுப்புநிலம் சேர்க்கப்பட்டிருந்தது. எனினும் 2007-இல் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பின்னரே உறுதியான சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. பின்னர் மேலும் சில பகுதிகள் வனத்துறையின் பொறுப்பில் வந்தன. 2022-இல் ஏறத்தாழ 1,248 எக்டேர் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பெருங்குடியில் பழைய குப்பையை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. ஆயினும் 2022 ஏப்ரலில் அங்கு ஏற்பட்ட பெருந்தீ பல நாள்கள் நீடித்தது.

காப்புக்காட்டின் எல்லையைவிட ராம்சர் எல்லை பெரியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலங்களில் கட்டடங்களுக்கு அனுமதி அளிக்கலாமா என்பது சிக்கலாக உருவெடுத்தது. அறிவியல் ஆய்வின் மூலம் எல்லையும் தாக்கப் பகுதியும் வரையறுக்கப்படும் வரை, ராம்சர் பகுதியிலும் அதனைச் சுற்றி 1 கிலோமீட்டர் தொலைவிலும் அனுமதி வழங்கக்கூடாது என தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. எனவே, எந்தப் பகுதியில் மழைக்காலத்தில் நீர் நிற்கிறது, எங்கு பறவைகள் இரைதேடுகின்றன என்று தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் குறித்து வைக்கும் பதிவுகள், எல்லையை வரையறுப்பதிலும் பயன்படக்கூடியவை ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஈரநிலம்
- ராம்சர் உடன்படிக்கை
- கழுவெளி
- பக்கிங்காம் கால்வாய்
- பிச்சாவரம்
- கரிக்கிலி பறவைகள் புகலிடம்