காற்றை நாடும் மீன்கள்

நீரைவிட்டு எடுத்த மீன் மாளும் என்பதை அறியாதார் இலர். ஆனால், நீருக்குள்ளேயே அடைத்து வைத்தால் மூச்சு முட்டி மாளும் மீன்களும் நம் நாட்டில் உள்ளன. பனையேறிக் கெண்டை, விரால், தேளி முதலியவை இவ்வகையின. குளத்தில் வாழும் இவை அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கி, மீண்டும் அடியில் சென்று மறைகின்றன. கலங்கிய கோடைக் குளத்தில் அந்தக் காற்று கிட்டாவிடில் அவை உயிர் தரியா. செம்படவர் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்த இச்செய்தியை அறிஞர் உலகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாற்றையே இங்கு நாம் காண்போம்.

இந்திய மீன்களின் இவ்வியல்பு மிகப் பழங்காலத்திலேயே மேலை நாட்டார் செவிக்கு எட்டியிருந்தது. அரிஸ்டாட்டிலின் மாணாக்கரான தியோபிராஸ்டஸ் மீன்களைப் பற்றி எழுதிய சிறு நூலில், ஆற்றைவிட்டு வெளியேறித் தரையில் திரிந்து, தவளைபோல் மீண்டும் நீருக்குத் திரும்பும் சிறு மீன்கள் இந்தியாவில் உண்டென்று குறித்தார். பின்வந்தோர் பலர் அதனைத் தொலைநாட்டுக் கட்டுக்கதைகளுள் ஒன்றாகவே கருதினர். மீனென்றால் நீர், நீரென்றால் செவுள் என்ற எண்ணம் அவ்வளவு உறுதியாக வேரூன்றியிருந்தது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அக்கதை உயிர் பெற்றது. அப்போது டேனிஷ்காரர் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்னும் படை அதிகாரி பணியாற்றினார். 1791ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், குளக்கரைப் பனை ஒன்றின் அடிமரத்தில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில், மேலும் ஏற முயன்றுகொண்டிருந்த மீன் ஒன்றைப் பிடித்ததாக அவர் எழுதினார். அக்குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. அதற்கு முன்பே, அவ்வூரில் வாழ்ந்த ஜான் என்னும் பாதிரியார் அனுப்பிய மீனைக் கொண்டு, பெர்லின் நகரத்து மருத்துவர் பிளாக் 1792இல் அவ்வினத்தை விவரித்திருந்தார். இம்மீனினத்துக்குப் பின்னர் இட்ட 'அனாபஸ்' என்ற பெயரும் ஏறுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. பனையேறி என்று நம்மவர் வழங்கிய பெயருக்கும் அதற்கும் கருத்தில் வேற்றுமையில்லை.

இம்மீன் மெய்யாகவே மரம் ஏறுமா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. செவுள் மூடியின் முள்விளிம்பைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரத்தரையில் அது நகர்ந்து செல்வது ஐயத்துக்கிடமற்ற உண்மை. மரத்தின்மேல் காணப்பட்ட மீன்களைக் காக்கையோ பருந்தோ கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதினர். மரம் ஏறும் வழக்கில் எல்லோரும் ஈடுபட்டிருந்ததால், நீருக்கு வெளியே அது எவ்வாறு உயிரோடிருக்கிறது என்ற பெரிய வினா பின்தங்கிவிட்டது.

அவ்வினாவுக்கு முதலில் விடை கூறியவர் பாரிஸ் நகரத்துப் பேரறிஞர் கூவியே. பனையேறிக் கெண்டையின் தலையில், செவுளுக்கு மேலே ஓர் அறை உண்டு. அதனுள் மெல்லிய எலும்புத் தகடுகள் சுருண்டு மடிந்து, வழி காணவொண்ணாத கோட்டைபோல் அமைந்துள்ளன. இது நீரைச் சேமித்து வைக்கும் தொட்டி என்றும், தரைக்கு வரும்போது அந்நீர் கசிந்து செவுளை நனைக்கிறதென்றும் கூவியே முடிவு செய்தார். ஒட்டகத்தின் வயிற்றில் நீர்ப்பை உண்டென்று நம்பிய காலத்துக்கு இவ்விளக்கம் மிகப் பொருத்தமாகவே தோன்றியிருக்கும். அவருக்குக் கிடைத்தவை சாராயத்தில் இட்டு அனுப்பிய உயிரற்ற உடல்கள். அவற்றின் அறையில் காற்று இருந்ததா, நீர் இருந்ததா என்று எவரால் சொல்ல இயலும்?

உயிருள்ள மீனைக் கண்டவர்கள் இந்நாட்டில் இருந்தனர். பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கையாற்று மீன்களைப் பற்றி எழுதிய பெருநூல் 1822இல் வெளிவந்தது. 1831இல் டெய்லர் என்பார் கங்கை மீன்கள் சிலவற்றின் சுவாச உறுப்புகளை ஆராய்ந்து எழுதினார். தேளி மீனின் செவுளறையிலிருந்து இரண்டு நீண்ட குழல்கள் முதுகுத் தசையினூடே வால் நோக்கிச் செல்கின்றன. அவை நுரையீரல் செய்யும் பணியைச் செய்பவை. ஆயினும் கூவியேயின் பெயருக்கிருந்த மதிப்பால் நீர்த்தொட்டிக் கொள்கை எளிதில் அசையவில்லை.

அதனை அசைத்தது எளியதொரு சோதனை. சென்னைப் படையில் மருத்துவராக இருந்து, பின்னர் இந்தியாவின் மீன்வளத் துறைத் தலைமை ஆய்வாளராக உயர்ந்த பிரான்சிஸ் டே, 1868இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தலையிலுள்ள அறையில் இருப்பது காற்றே என்று அவர் காட்டினார். 1874இல் டாப்ஸன் என்னும் மற்றொரு படை மருத்துவரும் இப்பொருள் பற்றி எழுதினார். மீன் நீர்மட்டத்தை எட்டாதவாறு நீருக்குள்ளேயே தடுப்பு அமைப்பதே சோதனையின் முறை. நீர் சூழ்ந்திருக்க, செவுள் அசைந்துகொண்டிருக்க, காற்றுக்குத் தவித்து மீன்கள் மாண்டன. தொட்டி நிறைய நீர் இருந்தும் மாண்ட மீனுக்கு நீரைச் சேமிக்கும் பை எதற்கு?

மீன் இவ்வாறு தவிப்பதற்குக் காரணம் நீரின் வறுமையே. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் பிராணவாயு உண்டு. நம் நாட்டு வெப்பத்தில், நன்கு காற்றோட்டம் பெற்ற ஒரு லிட்டர் நன்னீரில் ஐந்தாறு மில்லிலிட்டர்தான் கரைந்திருக்கும். கடல்நீரில் அதனினும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நீரோ காற்றைப்போல் சுமார் எண்ணூறு மடங்கு கனமுள்ளது. அதனை ஓயாது செவுள்வழியே தள்ளும் உழைப்புக்கு ஈடாகவே, செவுள் வியத்தகு அமைப்புப் பெற்றிருக்கிறது. நீர் ஒரு திசையில் செல்ல, செவுள் இதழ்களில் குருதி எதிர்த்திசையில் ஓடுகிறது. இதனால் நீரிலுள்ள பிராணவாயுவின் பெரும்பகுதியைக் குருதி கவர்ந்துகொள்கிறது. நீரைவிட்டு எடுத்தால் இம்மெல்லிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. காற்றிலே பிராணவாயு மிக்கிருந்தும் சாதாரண மீன் மாள்வது இதனால்தான்.

பாசி படர்ந்த குளத்தின் நிலை இன்னும் கடினமானது. பகலில் செடிகள் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. இரவிலோ செடி, மீன், அழுகும் இலை அனைத்தும் இருப்பதைச் செலவழிக்கின்றன. விடியற்காலையில் நீரில் ஏதும் மிஞ்சாமற்போவதும் உண்டு. ஒரு முழத்துக்கு மேலேயோ வற்றாத காற்றுக்கடல்! அதை நாடிய மீன்களே அக்குளங்களில் நிலைத்தன.

இம்மாற்றம் எவ்வாறு அமைந்தது என்பதை ஆராய்வதில் நம் நாட்டவர் முன்னின்றனர். பி. கே. தாஸ் 1927இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் இம்மீன்களின் வாழ்வையும் உறுப்பு வளர்ச்சியையும் விரிவாக எழுதினார். முட்டையினின்று வெளிவந்த குஞ்சுக்குக் காற்றுறுப்பு இல்லை. வளர வளரவே அது உருவாகிறது. சுந்தர்லால் ஹோரா 1935இல் இவற்றின் சுவாசத்தையும் தோற்ற வரலாற்றையும் இணைத்து ஆராய்ந்தார். பாகல்பூரில் தத்த முன்ஷியும் அவருடன் உழைத்தோரும் பல்லாண்டுகள் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தனர்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஹியூஸும் இந்தியரான சிங்கும் 1970இல் பனையேறிக் கெண்டையின் சுவாசத்தை அளந்து எழுதினர். காற்றும் நீரும் இரண்டும் கிடைக்கும்போது, அது தனக்கு வேண்டிய பிராணவாயுவில் ஏறக்குறைய பாதியைக் காற்றிலிருந்தும் எஞ்சியதை நீரிலிருந்தும் பெறுகிறது. வெளிவிடும் கரியமிலவாயுவோ பெரும்பாலும் செவுள்வழியே நீரில் கரைந்து போகிறது. நீரில் எளிதில் கரையும் கழிவை நீரிலே விட்டு, நீரில் அரிதாகக் கிடைப்பதைக் காற்றில் தேடும் இவ்வேற்பாடு எவ்வளவு சிக்கனமானது!

காற்றைக் குடிக்கும் மீனும் செவுளைக் கைவிடாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. உப்பின் கணக்கைச் சரிசெய்வதும் செவுளின் கடமை. கடல் மீனின் உடலில் உப்பு புகுந்துகொண்டே இருக்கும். நன்னீர் மீனின் உடலிலிருந்து உப்பு கசிந்துகொண்டே இருக்கும். கடல் மீனின் செவுளில் உப்பை வெளியேற்றும் தனி உயிரணுக்கள் உண்டென்று கீஸும் வில்மரும் 1932இல் எழுதினர். நன்னீர் விலங்குகள் மிக நீர்த்த நீரிலிருந்தும் உப்பைக் கவர்கின்றன என்பதைச் சில ஆண்டுகளில் டென்மார்க்கு அறிஞர் குரோக் நிறுவினார். வங்க மக்கள் இலீஷ் என்று போற்றும் உல்லம் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுகிறது. உப்பைத் தள்ளும் வேலை, உப்பைச் சேர்க்கும் வேலை இரண்டையும் அதன் உடல் ஒரே வாழ்நாளில் செய்ய வேண்டும். 1975இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கிய பின் கங்கையின் மேற்பகுதிக்கு அதன் வழி அடைபட்டது. உடல் பெற்ற திறன் அத்தனையும் வழி திறந்திருந்தால்தான் பயன்படும் என்பதற்கு இது சான்று.

இவ்வரலாறு ஏட்டோடு நிற்பதன்று. குடத்தில் சிறிது நீரோடு உயிருடன் சந்தைக்கு வரும் தேளியும் விராலும் நாடெங்கும் எளியவர் உணவாக இருந்து வந்துள்ளன. நோயிலிருந்து எழுந்தவர்க்குத் தேளி, நடக்கும் கெளுத்தி ஆகியவற்றின் குழம்பைக் கொடுப்பது வங்காளத்தின் பழைய வழக்கம். வேறு மீன் பிழைக்காத தாழ்நிலத் தேக்கங்களிலும் இவை வளரும். அயல்நாட்டிலிருந்து வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் மீன்களை விழுங்கி அழிக்கும் என்று அஞ்சி, 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்தது. ஆனால், தூர்ந்துபோன குளத்துக்குத் தடையாணையால் ஆவதொன்றுமில்லை. பிராணவாயு அற்ற நீரைத் தாங்கும் மீனாலும் நீரே அற்ற நிலத்தைத் தாங்க இயலாது.

கோடைக் குளத்தின் மேல் ஒரு குமிழி தோன்றி மறைவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பெரும் நூலகங்களில் அமர்ந்திருந்தோர் ஐயுற்ற செய்தியை அக்குமிழி ஒவ்வொரு நாளும் கூறிக்கொண்டிருந்தது. கரையில் நின்றவர் அதனைக் கண்டு அந்த மீனுக்குப் பெயரும் இட்டனர். பின்னர் வந்த சோதனை அவர் சொல்லில் மெய்யாயிருந்ததை நிலைநாட்டியது, மிகையாயிருந்ததைக் களைந்தது. நம் ஊர்க் குளங்களில் இன்னும் எத்தனையோ உயிர்கள் உள்ளன. அவற்றின் செய்தி நம்மை எட்டும்வரை அக்குளங்கள் நிலைத்திருக்குமாறு காப்பது நம் கடமையாகும்.