காஞ்சனபுரி நடுகல் பிறந்த கதை

விழுப்புரம், செஞ்சி, செங்கம் வட்டாரம் நடுகல் மண். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கும், ஊரைக் காக்க நின்று விழுந்தவனுக்கும் இங்கே கல் நட்டார்கள்; அவன் பெயரையும் அவன் செத்த காரணத்தையும் அதில் வெட்டினார்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்டது. திருடர்கள் இருவரைக் கடித்து, எசமான் பக்கத்திலேயே காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் அதே கல்லில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை அது.

அந்த மரபில் வந்த ஒரு புதிய கல் கடல் தாண்டி நிற்கிறது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில், தாவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயில் வளாகத்தில், 2023 மே மாதம் அதைத் திறந்தார்கள். சயாம் - பர்மா ரயில் பாதையில் மாண்ட தமிழர்களுக்கான கல் அது. இதில் தனியாள் பெயர் எதுவும் வெட்ட வழியில்லை. மாண்டவர்கள் யார் யார் என்ற பட்டியலே இல்லை.

அவர்களில் பலரின் வேர் நம் பக்கம். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை என்று கங்காணிகள் ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். இன்றைய விழுப்புரம், திண்டிவனம் அன்றைக்குத் தென் ஆற்காடு ஜில்லா. பஞ்சத்துக்கும் பண்ணைக் கடனுக்கும் தப்பி ரயிலேறியவர்கள் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். 1938இல் இந்திய அரசு இந்த ஆள் சேர்ப்பை நிறுத்தியது. அதற்குள் பல லட்சம் பேர் அங்கே குடியேறிவிட்டார்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ரப்பருக்கு வாங்குவோர் இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியாகச் சரக்கு அனுப்பினால் நேச நாட்டு நீர்மூழ்கிகள் கவிழ்த்தன. அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதையைக் காட்டுக்குள் போட முடிவெடுத்தார்கள். தினம் ஒரு டாலர் கூலி, மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் தமிழர்களைக் கூப்பிட்டார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் கிளம்பவில்லை. பிறகு தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வைத்து லாரியில் ஏற்றினார்கள்.

ஜப்பானிடம் பிடிபட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல், அதில் பெரும்பாலோர் தமிழர். கைதிகளும் பட்டினியில், அடியில், சீழ்ப்புண்ணில் செத்தார்கள். ஆனாலும் அவர்களுக்குப் படை ஒழுங்கு இருந்தது. சொந்த டாக்டர்கள் இருந்தார்கள். செத்தவன் பெயரை ஒளித்தாவது எழுதிவைக்க ஓர் அதிகாரி இருந்தார். தமிழனுக்கு இதில் ஒன்றும் இல்லை. 1943 மழையில் காலரா வந்தபோது குடிசை குடிசையாகச் செத்தார்கள். அக்டோபரில் பாதை முடிந்தது. கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். தொழிலாளர் சாவு 90,000 வரை இருக்கும் என்பது மதிப்பீடு.

போர் முடிந்த சில வாரங்களிலேயே ஒரு கல்லறைக் குழு அந்தப் பாதை நெடுகப் போய், 144 இடுகாடுகளில் 10,549 கைதிகளின் கல்லறைகளைக் கண்டெடுத்தது. பெயர் இருந்ததால் கல்லறை கிடைத்தது. பெயர் இருந்ததால் சாட்சியும் கிடைத்தது. இந்தப் பாதையில் நடந்த கொடுமைகளுக்காக 111 பேருக்குத் தண்டனை விதித்தார்கள். 32 பேருக்கு மரண தண்டனை.

தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் லீ ஹாக்-ரே. ஜப்பான் தன் காலனியான கொரியாவிலிருந்து கொண்டுவந்த இளைஞர்; பாதையோர ஹின்டாக் முகாமில் காவலர். சிங்கப்பூரில் ஆஸ்திரேலிய ராணுவ நீதிமன்றம் விதித்த மரண தண்டனை பிறகு 20 ஆண்டு சிறையானது. 1956இல் வெளியே வந்தார். ஜப்பானியராகத் தண்டனை பெற்றவருக்கு, ஜப்பானியர் அல்ல என்று சொல்லி ஓய்வூதியத்தை மறுத்தது ஜப்பான். 2021இல் சாகும்வரை அதற்காகப் போராடினார். 1991இல் ஆஸ்திரேலியா போய், ஹின்டாக் கைதிகளைக் காத்த டாக்டர் வியரி டன்லப்பைச் சந்தித்து, மன்னிப்புக் கேட்டு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். அடித்தவனும் அடிபட்டவனும் நேருக்கு நேர் நிற்க முடிந்தது, இருவரும் ஏட்டில் இருந்ததால்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் பணக்கணக்குப் பார்த்த ஆஸ்கர் குரோனிங்குக்கு 2015இல், 94 வயதில், ஜெர்மனியில் நான்காண்டு சிறை விதித்தார்கள். எழுபது ஆண்டு கழித்தும் உயிர் பிழைத்தவர்கள் நீதிமன்றத்தில் வந்து நின்றார்கள்.

பிழைத்த தமிழரில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. தோட்டத்துக்குத் திரும்பினார்கள், மறுபடி ரப்பர் பால் வெட்டினார்கள். 1967 ஒப்பந்தப்படி ஜப்பான் மலேசியாவுக்கு இழப்பீடாக இரண்டு கப்பல்கள் தந்தது. 2000இல் பிரிட்டன், ஜப்பானிடம் கைதிகளாக இருந்த தன் ஆட்களுக்கு ஆளுக்கு 10,000 பவுண்ட் அறிவித்தது. தோட்டத்துக் கிழவர்கள் கைக்கு எதுவும் வரவில்லை.

அவர்கள் வாய்மொழியாகச் சொன்னதைப் பிடித்துவைத்தது எழுத்து. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலை எழுதினார். அடுத்த தலைமுறை ஆவணப்படம் எடுத்தது. காஞ்சனபுரிக்குப் போய்த் தேடியது. அங்கே ஏறக்குறைய 7,000 கைதிகள் பெயரோடு உறங்கும் போர்க் கல்லறை இருக்கிறது. அதை ஒட்டிய புத்தர் கோயிலில்தான் ஊர் பேர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த தூபி நிற்கிறது. மலேசியத் தமிழர்கள் முன்னின்று உழைக்க, தமிழக அரசும் கைகொடுக்க, நம் மரபுப்படி அங்கே நடுகல் எழுந்தது.

கல் நட்டாயிற்று; பெயர் எழுதும் வேலை பாக்கி. அதை இங்கிருந்தும் செய்யலாம். மலாயாவுக்குப் போய்ச் சேதி இல்லாமல் போன ஒரு பெரிய தாத்தா இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களின் பேச்சில் இருக்கிறார். பழைய கடிதம், மணியார்டர் துண்டு, பாகப் பத்திரத்தில் ‘அக்கரையில் இருப்பவர்’ என்று விட்ட பங்கு, ஏதாவது ஒன்றில் அவர் பெயர் இருக்கும். தேடி எடுங்கள். பெயர், ஊர், தகப்பன் பெயர், போன தோட்டம், கடைசிச் சேதி வந்த ஆண்டு: ஐந்தையும் எழுதி, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் ஒரு கோடை விடுமுறையில் ஓர் ஊரின் பட்டியல் முடிந்துவிடும். 1945இல் யாரும் எடுக்காத கணக்கு அது. எடுக்கும் கடமை நமக்கு இருக்கிறது.