ஓர் அங்குலக் கடலில் மூண்ட போர்

தொலைக்காட்சியில் வரலாற்று நிகழ்ச்சி ஒன்று ஓடுகிறது. புகைமூட்டத்துக்குள் குதிரைக் குளம்புகள் மட்டும் தெரிகின்றன. இறகுப் பேனா பிடித்த கை ஏதோ ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திடுகிறது. மன்னர் வருகிறார், முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'சித்தரிக்கப்பட்ட காட்சி' என்று போட்டிருக்கிறார்கள். நமக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். ஆனால் அந்தப் புகை எங்கிருந்து வந்தது? மன்னர் ஏன் எப்போதும் முதுகைக் காட்டியபடியே நடக்கிறார்? இது கையில் காசில்லாதவர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செதுக்கிய மொழி.

தொடங்கியது என்னவோ பெரும் செலவில்தான். கி.மு. 2-ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் அகஸ்டஸ், டைபர் நதிக்கு அப்பால் ஒரு பெரிய குளம் வெட்டினார். அதில் 30 போர்க்கப்பல்களை இறக்கினார். துடுப்பு வலிப்பவர்கள் நீங்கலாக 3,000 வீரர்கள். அதற்குக் கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு கடலில் மோதிய ஏதென்ஸ்காரர்களும் பாரசீகர்களும் ரோம மக்கள் கண்முன்னே மறுபடி மோதினார்கள். பழைய கதைப்படியே ஏதென்ஸ்தான் வென்றது. சரித்திரத்தை நடித்துக் காட்ட வேண்டுமென்றால் ஒரு சாம்ராஜ்யத்தின் கஜானா வேண்டும் என்பதே அன்றைய கணக்கு.

அந்தக் கணக்கைச் சினிமா மாற்றியது. 1895-இல் எடிசனின் நிறுவனத்துக்காக ஆல்ஃபிரட் கிளார்க் என்பவர் ஒரு குட்டிப் படம் எடுத்தார். ஸ்காட்லாந்து அரசி மேரி 1587-இல் சிரச்சேதம் செய்யப்பட்ட காட்சி அது. கால் நிமிடத்தைச் சற்றே தாண்டும் அந்தப் படத்தில் அரசியாக நடித்தவர் ராபர்ட் தோமே என்ற ஆண். கோடரி ஓங்கியதும் கேமராவை நிறுத்தினார்கள். எல்லோரும் அசையாமல் நிற்க, தோமே எழுந்துபோனார். அந்த இடத்தில் பொம்மையை வைத்துவிட்டுக் கேமராவை மறுபடி ஓடவிட்டார்கள். குளமும் இல்லை, கப்பலும் இல்லை. 300 ஆண்டுப் பழைய மரணம் ஒரு பொம்மைச் செலவில் முடிந்தது.

மூன்றே ஆண்டுகளில் அகஸ்டஸின் குளம் இன்னும் சுருங்கியது. 1898-இல் அமெரிக்காவும் ஸ்பெயினும் கியூபாவை முன்வைத்துப் போரிட்டன. சான்டியாகோ துறைமுகத்துக்கு வெளியே நடந்த கடற்போரைப் பார்க்க அமெரிக்க மக்கள் துடித்தார்கள். ஆனால் படச்சுருள் யாரிடமும் இல்லை. நியூயார்க்கில் ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன், ஆல்பர்ட் ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள் கப்பல்களின் புகைப்படங்களை வாங்கி, கத்தரித்து, ஓர் அங்குல ஆழத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். சிட்டிகை வெடிமருந்து பீரங்கியானது. ஒருபுறம் சிகரெட், மறுபுறம் சுருட்டு என்று ஊதிய புகை போர்க்களப் புகையானது. ஸ்மித் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார். அட்டை ஓரங்கள் கண்ணில் படாமல் காத்தது அந்தப் புகைதான். இன்றைய ஆவணப்படங்களில் புகை போடும் இயந்திரம் செய்வதும் அதே வேலை: பத்துப் பேரைப் படையாக்கும், பின்னால் நிற்கும் மின்கம்பத்தை மறைக்கும்.

அதே 1898-இல் இன்னொரு சாமர்த்தியம் அரங்கேறியது. லூமியேர் நிறுவனத்தின் இளம் ஒளிப்பதிவாளர் பிரான்சிஸ் துப்ளியே, தெற்கு ரஷ்யாவில் ஊர் ஊராகப் படம் காட்டிவந்தார். உளவாளி என்று பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்ட யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸைப் பற்றிப் படம் இருக்கிறதா என்று அங்கிருந்த யூதர்கள் கேட்டார்கள். பெட்டிக்குள் கிடந்த துண்டுகளைத் துப்ளியே ஒட்டினார்: ஓர் அணிவகுப்பு, ஒரு பெரிய கட்டடம், ஓர் இழுவைப் படகு, நைல் நதிக் கழிமுகம். இது டிரைஃபஸ், இது நீதிமன்றம், இது அவரைத் தீவுக்குக் கொண்டுபோகும் கப்பல் என்று விளக்கினார். கூட்டம் கண்ணீர் விட்டது. அந்தச் சம்பவம் 1894-இல் நடந்தது, அப்போது சினிமாவே கிடையாதே என்று ஒரு முதியவர் கேட்ட பிறகுதான் குட்டு உடைந்ததாம்.

டிரைஃபஸை நிஜமாகவே சித்தரித்தவர் பிரெஞ்சுப் பட இயக்குநர் ஜார்ஜ் மெலியேஸ். 1899-இல் வழக்கு மறுவிசாரணையில் இருக்கும்போதே, பாரிசை ஒட்டிய மோந்த்ரோயில் இருந்த தன் கண்ணாடிக் கூடத்தில் 11 சிறு படங்களாக அதை எடுத்து விற்றார். டிரைஃபஸின் வழக்கறிஞராக அவரே நடித்தார். 1902-இல் லண்டனிலிருந்து சார்லஸ் அர்பன் என்ற பட வியாபாரி ஒரு வேலையோடு வந்தார்: ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா வேண்டும், அதுவும் விழா நடக்கும் முன்பே வேண்டும். தேவாலயத்துக்குள் கேமராவை விட மாட்டார்கள் அல்லவா? அரசரைப் போன்ற முகச்சாயலுள்ள சலவைக்கூட ஊழியர் ஒருவரைப் பிடித்து, மோந்த்ரோயிலேயே மகுடம் சூட்டினார் மெலியேஸ். பிறகு நடந்ததுதான் விந்தை. எட்வர்டுக்குக் குடல்வால் அழற்சி வந்து, ஜூனில் நடக்க வேண்டிய விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. நகல் எப்போதோ தயார், அசல்தான் தாமதம்.

பார்த்துச் செய்பவர்கள் சும்மா இருப்பார்களா? 1900-இல் சீனாவின் பாக்ஸர் கலகத்தை ஜேம்ஸ் வில்லியம்சன் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் ஒரு பாழடைந்த வீட்டில் எடுத்தார். தென்னாப்பிரிக்க போயர் போரின் சண்டைக் காட்சிகளை மிட்செல், கென்யன் ஜோடி பிளாக்பர்ன் ஊர்ப்புறங்களில் எடுத்தது. எது அசல், எது நடிப்பு என்று திரையில் யாரும் எழுதிக் காட்டவில்லை.

அந்த மௌனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரஷ்யாவே சாட்சி. 1917 புரட்சியில் குளிர்கால அரண்மனை பிடிபட்ட இரவைப் படமெடுத்தவர் யாரும் இல்லை. 1920-இல் நாடக இயக்குநர் நிக்கொலாய் எவ்ரெயினோவ், ஆயிரக்கணக்கானவர்களை வைத்து அரண்மனை முன்னுள்ள சதுக்கத்திலேயே அதை நாடகமாக நடத்தினார். அடுத்து திரைப்பட இயக்குநர் ஐசென்ஸ்டைன் தன் 'அக்டோபர்' படத்தில் இன்னும் பிரம்மாண்டமாக எடுத்தார். அசல் புரட்சியைவிடப் படப்பிடிப்பில்தான் அரண்மனைக்குச் சேதம் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. காலப்போக்கில் அந்த நாடகத்தின் புகைப்படமே 1917-இன் புகைப்படமாகப் புத்தகங்களில் இடம்பிடித்தது. சித்தரிப்பு, சரித்திரத்தின் நாற்காலியில் அமர்ந்துவிட்டது.

நல்ல எண்ணத்தோடு நடிக்கவைத்தவர்களும் உண்டு. 1922-இல் வெளியான 'நானூக் ஆஃப் த நார்த்' படத்துக்காக, ராபர்ட் ஃபிளாஹர்ட்டி பனிவீட்டின் பாதியை வெட்டி எடுத்தார். இல்லாவிட்டால் உள்ளே வெளிச்சம் போதாது. 1936-இல் வந்த 'நைட் மெயில்' படத்தில் அஞ்சல் ஊழியர்கள் நிஜமானவர்கள், ரயில் பெட்டி மட்டும் ஸ்டுடியோவில் கட்டியது. ஓடாத ரயிலில் ஓடுவது போல உடம்பை அசைத்தபடி அவர்கள் கடிதங்களைப் பிரித்தார்கள்.

வறுமையை வலிமையாக மாற்றியவர் பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் வாட்கின்ஸ். 1956-இல் ஹங்கேரியில் நடந்த எழுச்சியை, கேன்டர்பரியின் தெருக்களில் உள்ளூர் அமெச்சூர் நாடகக்குழுவை வைத்து 1961-இல் குறும்படமாக எடுத்தார். இதை ஒளிபரப்பினால் நம் செய்திப் படங்களை யார் நம்புவார்கள் என்று ஒரு தொலைக்காட்சி அதிகாரி தயங்கினாராம். 1964-இல் பிபிசிக்காக 'கல்லோடன்' எடுத்தார். 1746 ஏப்ரல் 16 அன்று ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் அருகே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த போர் அது. தொழில்முறை நடிகர்கள் இல்லை. பெரும்படை திரட்டவும் வழியில்லை. வாட்கின்ஸ் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: அன்று தொலைக்காட்சி இருந்திருந்தால்? செய்தியாளர் போர்க்களத்தில் நிற்பார். பசித்த சிப்பாயின் முகத்தருகே கேமரா போகும். அவன் தன் பெயரும் ஊரும் சொல்வான். பீரங்கி வெடித்தால் கேமரா நடுங்கும். ஆயிரம் பேரைக் காட்ட முடியாதபோது ஒரு முகத்தைக் காட்டு. அந்த ஒரு முகத்தில் ஆயிரம் பேர் தெரிந்தார்கள். அணுகுண்டு விழுந்தால் என்னாகும் என்று அதே பாணியில் அவர் எடுத்த 'த வார் கேம்' ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதே பெற்றது. ஆனால் பிபிசி அதை 20 ஆண்டுகள் கழித்து 1985-இல்தான் ஒளிபரப்பியது.

உடைச் செலவுக்கு வேறொரு திசையிலிருந்து உதவி வந்தது. 1968-இல் பிரிகேடியர் பீட்டர் யங் என்ற ராணுவ வரலாற்றாசிரியர், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் 'சீல்டு நாட்' சங்கத்தைத் தொடங்கினார். வாரநாளில் அலுவலகம் போகிறவர்கள் விடுமுறையில் ஈட்டி ஏந்தினார்கள். இப்படிப்பட்ட சங்கங்கள் பல நாடுகளிலும் பெருகின. உடையும் ஆயுதமும் கொண்டு, நடையும் தெரிந்துவைத்திருக்கும் ஆர்வலர்கள் சிறிய படக்குழுக்களுக்குப் பெரிய வரம்.

நம் நாட்டுக்கு இந்தக் கலை வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது 1988-இல். நேருவின் நூலைத் தழுவி ஷியாம் பெனகல் 53 பகுதிகளாக எடுத்த 'பாரத் ஏக் கோஜ்' தூர்தர்ஷனில் ஓடியது. நேருவாக வந்த ரோஷன் சேத் நம்மைப் பார்த்துப் பேசுவார். பேச்சு நாடகமாக விரியும். அசோகராக வந்த ஓம் பூரியே வேறொரு வாரம் ஔரங்கசீப்பாக வருவார். இரண்டாயிரம் ஆண்டுகளை ஒரே முகம் தாங்கியது. பார்த்தவர்களுக்கு அது குறையாகப் படவில்லை.

அதே 1988-இல் அமெரிக்காவில் எரல் மாரிஸ் 'த தின் புளூ லைன்' எடுத்தார். டல்லஸில் ஒரு காவலர் கொல்லப்பட்ட வழக்கு. ஒவ்வொரு சாட்சியும் சொன்னதை அப்படியே தனித்தனியாக நடித்துக் காட்டினார். ஒன்றோடொன்று பொருந்தாத காட்சிகள் அடுக்கப்பட்டதும் சாட்சியங்களின் ஓட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. சிறையில் இருந்த ராண்டல் ஆடம்ஸ் 1989-இல் விடுதலையானார். பொய்யை மெய்யாக்கிய அதே கருவி பொய்யை அம்பலப்படுத்தவும் உதவியது.

1999 ஜூலையில் வாட்கின்ஸ், 1871-இல் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து அமைத்த கம்யூன் ஆட்சியைப் படமாக்க ஒரு கைவிடப்பட்ட தொழிற்சாலைக்குள் நுழைந்தார். படப்பிடிப்பு 13 நாட்கள்தான். 200-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் நடித்தே பழகாதவர்கள். தங்கள் பாத்திரங்களைப் பற்றித் தாங்களே தேடிப் படித்து வந்தவர்கள். அந்தத் தொழிற்சாலை இருந்த ஊர் மோந்த்ரோய். அது நின்ற மண், மெலியேஸின் கூடம் இருந்த இடம்.

படம் ஓடத் தொடங்கியதும் இருவர் கேமரா முன் வந்து தங்கள் சொந்தப் பெயரையும் ஏற்கும் பாத்திரத்தையும் சொல்கிறார்கள். நம்மை அழைத்துப்போய் அரங்க அமைப்பைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அதன் பிறகே கதை. சலவைக்கூட ஊழியரை அரசராக்கிய அதே மண்ணில், தான் சித்தரிப்பு என்று சித்தரிப்பு தானே எழுந்து நின்று சொன்னது. கைப்பேசியும் நான்கு நண்பர்களுமாகத் தங்கள் ஊர் வரலாற்றைப் படமெடுக்கக் கிளம்பும் இளைஞர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது: புகை போடுங்கள், முதுகைக் காட்டுங்கள், ஒரே நண்பரை மூன்று வேடத்தில் நிறுத்துங்கள். திரையின் ஓரத்தில் இருக்கும் அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.