புதிதாய் மட்டை ஏந்தியவர்களின் டென்னிஸ்

டென்னிஸின் வரலாறு பெரும்பாலும் வெற்றிக் கோப்பைகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. விம்பிள்டனில் எந்த ஆண்டு எவர் வென்றார், இறுதிப் போட்டியில் எவரிடம் எவர் தோற்றார் என்ற குறிப்புகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்ந்து குவிந்த அளவுக்கு, உடல்நலம் நாடி முதன்முதலாக மட்டையைக் கையிலெடுத்த சாதாரண மனிதர்களைப் பற்றிய எழுத்து சேரவில்லை. ஆயினும் பந்து, மட்டை, களம், விதி ஆகிய நான்கும் இன்றைய வடிவை அடைந்த வழியைப் பின்தொடர்ந்து பார்த்தால், வந்த பந்தைத் திருப்பி அடிக்கத் தெரியாத புதியவரே முக்கியமான பல திருப்பங்களில் அவ்வடிவைத் தீர்மானித்திருக்கிறார் என்பது புலப்படும்.

பந்தாட்டத்தை உடற்பயிற்சியாகப் பரிந்துரைக்கும் வழக்கம் டென்னிஸைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், சிறு பந்தைக் கொண்டு செய்யும் பயிற்சி பற்றித் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். உடலின் எல்லா உறுப்புகளையும் ஒருசேர இயக்குவது, வலிமைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் இயல்வது, மனத்துக்கு மகிழ்ச்சி தருவது, ஏழைக்கும் எட்டுவது, குதிரையேற்றமும் மற்போரும் போல் எலும்பை முறிக்காதது என்று அவர் அதன் நன்மைகளை எடுத்துரைத்தார். ஆனால் ஐரோப்பாவில் மட்டையும் வலையும் கொண்டு வளர்ந்த அரண்மனை டென்னிஸ், ஏழைக்கும் எட்டுவது என்ற தகுதியை அடியோடு இழந்திருந்தது. நான்கு புறமும் சுவரும் சாய்ந்த கூரைத் தாழ்வாரமும் கொண்ட தனிக் கட்டடத்தில்தான் அதை ஆட முடியும். துணியை இறுக்கிச் சுற்றிச் செய்த அதன் கனத்த பந்து கல்தரையில் மட்டுமே எழும்பும். விதிகளோ சட்டநூல் போலச் சிக்கலானவை. தாமே அதை விரும்பி ஆடிய எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1541ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கைவினைஞரும் கூலித் தொழிலாளரும் கிறிஸ்துமஸ் நாட்கள் தவிர வேறு காலத்தில் டென்னிஸ் ஆடக் கூடாதென்று தடுத்தது.

இந்த ஆட்டம் சுவர்களை விட்டு வெளியேறுவதற்கு, விளையாட்டோடு தொடர்பே இல்லாத இரண்டு தொழில்நுட்பங்கள் வழிவகுத்தன. முதலாவது, இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் படிங் 1830இல் காப்புரிமை பெற்ற புல்வெட்டும் எந்திரம். கம்பளி ஆலைகளில் துணியின் மேற்பரப்பிலுள்ள பிசிர்களைச் சீவிச் சமப்படுத்தும் உருளைக் கத்தியைப் பார்த்தே அவர் அதை வடிவமைத்தார். அதுவரை அரிவாளும் ஆட்டு மந்தையும் பார்த்து வந்த வேலையை எந்திரம் ஏற்றுக்கொண்டதால், நடுத்தர வசதியுள்ள வீடுகளிலும் சமமான புல்தரை அமைந்தது. இரண்டாவது, 1840களில் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் காப்புரிமை பெற்ற ரப்பர் பதப்படுத்தும் முறை. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால், வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் அது மீள்தன்மையைத் தக்கவைத்துக்கொள்ளும். உள்ளே காற்றடைத்த ரப்பர்ப் பந்து இந்த முறையால் சாத்தியமாயிற்று. அது புல்மீது விழுந்தாலும் எழும்பியது.

பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டன் பகுதியில் ஹாரி ஜெம் என்ற வழக்கறிஞரும் அகுரியோ பெரேரா என்ற ஸ்பானிய வணிகரும் 1860களின் முற்பாதியிலேயே புல்தரையில் இத்தகைய ஓர் ஆட்டத்தை ஆடிவந்தனர். 1870களின் தொடக்கத்தில் அவர்கள் லெமிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்த பின், உள்ளூர் மருத்துவர் இருவரைச் சேர்த்துக்கொண்டு புல்தரை டென்னிஸுக்கான முதல் மன்றத்தை அமைத்தனர். முதல் மன்றத்தின் நிறுவனர் நால்வரில் இருவர் மருத்துவர் என்பது கவனத்துக்குரியது.

ஆயினும் நாடெங்கும் ஆட்டத்தைப் பரப்பியவர் மேஜர் வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்ட். 1874 பிப்ரவரியில் காப்புரிமை பெற்ற அவர், வலை, கம்பங்கள், மட்டைகள், பந்துகள், விதிகள் அச்சிட்ட சிறுநூல் ஆகிய அனைத்தையும் ஒரே மரப்பெட்டியில் அடக்கி ஐந்து கினி விலைக்கு விற்றார். ஒரு கினி என்பது இருபத்தோரு ஷில்லிங். ஆகவே பெட்டியின் விலை பண்ணைக் கூலியாள் ஒருவரின் பல வார ஊதியத்தை விழுங்கக்கூடியது. எனினும் தனிக் கட்டடம் எழுப்பும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. ஓராண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றன. வலையருகே இடை குறுகி உடுக்கை வடிவில் அமைந்த அவருடைய களத்தையும், எவர் நாவிலும் நிலைக்காத கிரேக்கப் பெயரையும் பிற்காலம் கைவிட்டது. அவருடைய உண்மையான பங்களிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆசிரியரோ அனுபவமோ இல்லாத குடும்பம் ஒன்று பெட்டியைத் திறந்து, கம்பங்களை நட்டு, சிறுநூலைப் படித்து, அன்று மாலையே ஆடத் தொடங்கிவிடலாம் என்பதை அவர் நடைமுறையாக்கினார். ஆட்டத்தை விற்கும்போதே அதைக் கற்கும் வழியையும் சேர்த்து விற்ற அந்த முன்யோசனைக்காகவே விங்ஃபீல்டை நினைவில் வைக்க வேண்டும்.

அரண்மனை டென்னிஸில் தேர்ந்த ஜான் ஹீத்கோட், வழுவழுப்பான ரப்பர்ப் பந்தின்மீது வெள்ளை ஃபிளானல் துணியைத் தைத்துப் பார்த்தபோது, பந்து கண்ணுக்கு எளிதில் தெரிந்ததோடு மட்டையிலும் காற்றிலும் கட்டுக்குள் நின்றது. 1877இல், குரோக்கே ஆட்டத்துக்கென 1868இல் தொடங்கப்பட்ட அகில இங்கிலாந்து மன்றம் விம்பிள்டனில் முதல் போட்டியை நடத்தியபோது, உடுக்கைக் களம் செவ்வகமாயிற்று. ஒரு முறை பிழையாகத் தொடங்கினால் மறுமுறை தொடங்கலாம் என்ற சலுகை உறுதியாயிற்று. ஓரங்களில் ஐந்தடி உயரம் இருந்த வலை, அடுத்த சில ஆண்டுகளில் மூன்றரை அடியாகத் தாழ்ந்தது. தொடக்க அடியைத் தலைக்கு மேலிருந்து வேகமாக இறக்கவும் பந்தைத் தரையில் விழவிடாமல் வலையருகிலேயே தட்டிவிடவும் வல்லவர்கள் பெருகியதால், ஆட்டம் பார்ப்பதற்கு விறுவிறுப்பாயிற்று. ஆனால் தோட்டத்தில் பொழுதுபோக்காக ஆடிவந்தவர்களிடமிருந்து அது விலகவும் செய்தது. 1890களில் மிதிவண்டியும் கோல்ஃபும் மக்களை ஈர்த்துக்கொண்டபோது விம்பிள்டனின் வரவு சுருங்கி, 1895இல் போட்டி நட்டத்தில் முடிந்தது. தன் பெயரிலிருந்து நீக்கியிருந்த குரோக்கேயை 1899இல் மன்றம் மீண்டும் சேர்த்துக்கொண்டது. சரிவுக்கு ஒரே காரணம் சொல்வது பொருந்தாது என்றாலும், வல்லவர்கள் மட்டுமே சுவைக்கத்தக்கதாக ஓர் ஆட்டம் மாறும்போது அதன் வேர் வறளும் என்பதற்கு அந்தப் பத்தாண்டு போதுமான சான்று. விங்ஃபீல்டே அக்காலத்தில் மிதிவண்டிப் பக்கம் திரும்பி, இசைக்கேற்ப அணிவகுத்து ஓட்டும் பயிற்சிகளை வகுத்துக்கொண்டிருந்தார்.

உடல்நலத்துக்காக ஆடத் தொடங்கியவர்களின் உடல் இந்த ஆட்டத்துக்கு என்ன விலை கொடுத்தது என்பதும் விரைவிலேயே பதிவாயிற்று. முன்கையின் வெளிப்புறத் தசைநார் முழங்கை எலும்போடு சேருமிடத்தில் தோன்றும் வலியை, 1883இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு குறிப்பு புல்தரை டென்னிஸ் முழங்கை என்று அழைத்தது. பெட்டிகள் விற்பனைக்கு வந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன.

பெண்களுக்கு இந்த ஆட்டம் அளித்த விடுதலை அந்த வலியைவிடப் பெரியது. ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் ஓடியாடுவதற்கு அன்றைய சமூகம் இசைந்த மிகச் சில விளையாட்டுகளில் ஒன்றாக அது இருந்தும், இடுப்பை இறுக்கும் கச்சோடும் தரை புரளும் பாவாடையோடுமே அவர்கள் ஆட வேண்டியிருந்தது. அந்த உடையைக் களத்திலிருந்து விரட்டியதில் பெரும்பங்கு கொண்ட சுசான் லெங்க்லென், நோஞ்சான் குழந்தையாகவே டென்னிஸுக்கு வந்தவர். 1899இல் பிறந்து மூச்சிரைப்பு முதலிய தொல்லைகளால் வாடிய மகளின் உடல் தேறட்டும் என்று அவருடைய தந்தை 1910இல் ஒரு மட்டையை வாங்கித் தந்தார். களத்தில் கைக்குட்டையை விரித்து, பந்து அதன்மேல் விழும்படி அடிக்கச் சொல்லும் பயிற்சியால் அவருடைய குறி கூர்மையடைந்தது. 1919இல் கச்சின்றி, கெண்டைக்கால் தெரியும் உடையில் விம்பிள்டனில் தோன்றிய அவர் அங்கே ஒற்றையர் பட்டத்தை ஆறு முறை வென்றார். பின்னாளில் பாரிசில் டென்னிஸ் பள்ளி ஒன்றையும் நடத்தினார்.

அமெரிக்காவில் புதியவர்க்கான வாயில் பொதுப் பூங்காக்களில் திறந்தது. புல்தரையைப் பேணச் செலவிட இயலாத நகராட்சிகள் சிமெண்டிலும் தாரிலும் களம் அமைத்தன. 1930களின் பெருமந்தக் காலத்தில், வேலையற்றோருக்கு வேலையளிக்கும் அரசுத் திட்டத்தின்கீழ் ஆயிரக்கணக்கான களங்கள் உருவாயின. களத்தையே சுருக்கும் முயற்சி இதற்கும் முந்தியது. மிச்சிகன் மாநிலத்தின் ஆல்பியன் ஊரில் ஃபிராங்க் பீல் என்பவர் 1898இல் குழந்தைகளுக்கெனச் சிறிய களமும் நரம்பில்லாத மரத்தட்டையும் கொண்ட ஆட்டத்தை வகுத்தார். அது பின்னர் நியூயார்க்கின் தெருக்களில் பரவிற்று. ஹார்லெமில் காவல்துறையின் ஏற்பாட்டில் போக்குவரத்தைத் தடுத்து விளையாட்டுக்கு ஒதுக்கிய தெருவில் அந்த மரத்தட்டையைப் பிடித்த சிறுமி ஆல்தியா கிப்ஸன், 1957இலும் 1958இலும் விம்பிள்டனை வென்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். நிறவெறி பூட்டிவைத்த மன்றங்களின் கதவுக்கு வெளியே, தெருவில் கிடைத்த அந்த எளிய வடிவம் இல்லையென்றால் அவருடைய கையை டென்னிஸ் எட்டியிருக்குமா என்பது ஐயமே.

மட்டையை மாற்றியவரும் நடுவயதில் ஆடத் தொடங்கியவர்தான். விமானப் பொறியாளரும் உலோகப் பனிச்சறுக்குக் கட்டைகளை உருவாக்கியவருமான ஹோவர்ட் ஹெட், 1969இல் தம் நிறுவனத்தை விற்றுவிட்டு ஐம்பதைக் கடந்த வயதில் டென்னிஸ் கற்கலானார், ஆட்டம் வசப்படவில்லை. பயிற்சிக்காகப் பந்து வீசும் எந்திரம் ஒன்றை வாங்கியவர், அதைத் தயாரித்த பிரின்ஸ் நிறுவனத்திலேயே பங்குதாரராகிச் சிக்கலை ஆராய்ந்தார். பந்து மட்டையின் நடுக்கோட்டுக்கு விலகிப் பட்டால் மட்டை கைக்குள் திருகுகிறது. எடையை நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ, அத்தொலைவின் வர்க்கத்துக்கேற்பத் திருகலை எதிர்க்கும் ஆற்றல் கூடுகிறது. ஆகவே மட்டையின் தலையை அகலமாக்கினாலே பாதிச் சிக்கல் தீரும். மரச்சட்டம் அந்த அகலத்தைத் தாங்காது என்பதால் அலுமினியத்தைக் கொண்டு, எழுபது சதுர அங்குல அளவில் இருந்த நரம்புப் பரப்பை அவர் நூற்றுப்பத்தாக உயர்த்தினார். 1976இல் அது வெளிவந்தபோது தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஏளனம் செய்தனர். இரண்டே ஆண்டில் பதினாறு வயது பாம் ஷ்ரைவர் அதே மட்டையோடு அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டியை எட்டியதும் ஏளனம் அடங்கியது. அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் போட்டிக் களங்களிலிருந்து மரமட்டை மறைந்தது.

பந்தின் முறை கடைசியாக வந்தது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007இல் தொடங்கிய இயக்கம், புதியவர் முதல் நாளிலேயே பந்தைத் தொடங்கி அடிக்கவும், எதிராளியோடு மாறிமாறி அடிக்கவும், புள்ளிக் கணக்கு வைத்து ஆடவும் இயல வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. வழக்கமான மஞ்சள் பந்தைவிட 75 விழுக்காடு வேகம் குறைந்த சிவப்பு, 50 விழுக்காடு குறைந்த ஆரஞ்சு, 25 விழுக்காடு குறைந்த பச்சை என மூன்று பந்துகளும், முதலிரண்டுக்கு ஏற்பச் சுருக்கிய களங்களும் வகுக்கப்பட்டன. மெதுவான பந்து கால்களை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்க நேரம் தருகிறது. தாழ்வாக எழும்புவதால் தோளுக்கு மேல் கை நீட்டி அடிக்கும் கட்டாயமும் நீங்குகிறது. 2012 முதல் பத்து வயதும் அதற்குக் கீழுமுள்ளோர் போட்டிகளில் மஞ்சள் பந்து விலக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்களின் தரவுகளைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வில், மட்டை விளையாட்டுகளில் ஈடுபட்டோரின் இறப்பு வாய்ப்பு ஈடுபடாதோரைவிட 47 விழுக்காடு குறைவாக இருந்தது. கோபன்ஹேகனில் 25 ஆண்டுகள் வரை 8,577 பேரைத் தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வு, உடலுழைப்பற்றோரைவிட டென்னிஸ் ஆடுவோர் 9.7 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாகக் கணக்கிட்டது. இவ்விரண்டும் அவதானிப்பு ஆய்வுகள். அதாவது மக்கள் தாமாக மேற்கொண்ட பழக்கத்தையும் அவர்களுடைய ஆயுளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவையே தவிர, ஒன்றே மற்றதற்குக் காரணம் என்று நிறுவியவை ஆகா. டென்னிஸ் ஆடுவோரின் செல்வமும் கல்வியும் அந்த எண்களில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பிரித்தறிவது கடினம். இன்னொன்றும் உண்டு: களத்தில் நிலைத்தவர்களே அங்கே டென்னிஸ் ஆடுவோராகக் கணக்கில் வந்தனர், ஆர்வத்தோடு தொடங்கி, பந்து வசப்படாமல், முழங்கை வலியோடு சில வாரங்களில் மட்டையைப் பரணில் போட்டவர்களின் எண்ணிக்கை அவற்றில் தனியாகத் தெரிவதில்லை. மெதுவான பந்து பெரியவர்களுக்கும் உரியது என்று கூட்டமைப்பு சொன்னாலும், சிறுவர் போட்டிகளுக்கு விதித்ததுபோல் அவர்களுக்கு விதி எதுவும் இல்லை. ஆகவே நாற்பது வயதில் மருத்துவர் சொல்கேட்டு முதன்முறையாகக் களத்தில் இறங்குபவருக்குப் பச்சைப் பந்து கிடைக்குமா, மஞ்சள் பந்து கிடைக்குமா என்பது அன்று அவருக்குக் கற்றுத்தர நிற்கும் பயிற்சியாளரின் முடிவையே பொறுத்திருக்கிறது.